ஆம்பூரில் நின்ற அம்பாஸடர்

ஏலகிரியிலிருந்து சென்னைக்குத் திரும்புகிறவர்களுக்கு வாணியம்பாடியை அடுத்து வருகிற ஊர் ஆம்பூர். பாலாற்றங்கரை ஊர். தோல் ஷாப்புகளும் ஷூ கம்பெனிகளும் நிறைய. கம்பெனி பஸ்களில் கூட்டம் கூட்டமாகப் பெண்கள் போவார்கள். ஷூ தைப்பதில் அவர்கள் கைதான் அதிகம்.

ஊருக்குள் நுழையும்போதுதான் எங்கள் பழைய அம்பாஸடரின் பிரேக் மிதி பொதக்கென்று உள்ளே போயிற்று. பின் ஸீட்டில் என் மகள், மடியில் நாலு மாதக் குழந்தை. இவர் பதறாமல் கியரைக் குறைத்து, ஹாண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து ஓரம் கட்டினார். ஹாண்ட் பிரேக் தனிக் கம்பியில் வேலை செய்கிறது. எண்ணெய் போனாலும் அது பிடிக்கும்.

மலையில் 14 கொண்டை ஊசி வளைவு இறங்கிய சூடாக இருக்கும் என்று நினைத்தோம். பக்கத்து ஷெட் மெக்கானிக் பாய் தலையாட்டினார். “சூடுன்னா ஆறினதும் மிதி சரியாயிடும்மா. இது ஆறியும் எழும்பலியே!” ஒவ்வொரு சக்கரத்தின் உட்புறமும் குனிந்து பார்த்தார். இடது பின் சக்கரத்தில் ஈரம். டிரம்மைக் கழற்றினால், உள்ளே சின்ன ரப்பர் கப் ஒன்று வயதாகி விறைத்துப் போயிருந்தது. கசிந்த பிரேக் ஆயில் லைனிங்கை நனைத்திருந்ததால் அதையும் இரண்டு பக்கமும் மாற்றினார்.

சைக்கிள் பம்புக்குள் தோல் வாஷர் இருக்குமே, அதே சங்கதிதான் இந்தக் கப். ஆரம்ப கால பிரேக்குகளில் இதையும் தோலில்தான் செய்தார்கள். 1924-இல் வந்த கிரைஸ்லர் காரில்தான் ரப்பர் வந்தது. தோல் ஊரில் வண்டி நின்றதற்கு இது பொருத்தம்தான்!

அப்புறம் காற்று எடுக்கும் வேலை. மிதிப்பது என் பொறுப்பு. “மிதிங்கம்மா... அப்படியே பிடிங்க... விடுங்க.” நான் அழுத்திப் பிடித்திருக்கும்போது பாய் நிப்பிளைத் தளர்த்துவார், குழாய் வழியே பாட்டிலுக்குள் குமிழி குமிழியாக ஆயில் வரும். அவர் இறுக்கிய பிறகுதான் நான் காலை எடுக்க வேண்டும். முந்திவிட்டால் திரும்பவும் காற்று உள்ளே போய்விடும். குமிழி நின்றதும் மிதி கல் மாதிரி கெட்டியாயிற்று. எனக்கு ஒரே பெருமை!

மிச்ச ஆயிலை இவர் கேட்டார். பாய் தரவில்லை. திறந்த டப்பா, மழைக்காலத்து அப்பளம் போல ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாம். ஈரம் சேர்ந்த ஆயில் மலை இறக்கத்துச் சூட்டில் கொதித்து, மிதி தொளதொளத்துவிடும். புது டப்பாதான் வாங்க வேண்டும் என்றார்.

கிளம்பும்போது மணி மூன்றரை. ஓட்டலில் சீரக சம்பா பிரியாணி அண்டா காலி. கையில் இருந்த தயிர்சாதத்தைப் பிரித்தோம்.