கேட்காமல் எழுதாதே, தம்பி!

எங்கள் ஆபீஸ் கேன்டீனில் இப்போதெல்லாம் கிரிக்கெட் பேசுவதில்லை. ஜாதி பேசுகிறார்கள். தப்பாக நினைக்காதீர்கள்... எல்லாம் சென்ஸஸ் பற்றித்தான்! 2021-ல் எடுத்திருக்க வேண்டிய மக்கள் தொகைக் கணக்கு கொரோனாவில் தள்ளிப் போய், 2027 மார்ச் 1-ம் தேதியைக் கணக்குத் தேதியாக வைத்து எடுப்பது என்று 2025-ல் அறிவித்தார்கள் அல்லவா? அதில் ஜாதியும் உண்டு என்றார்கள். நாடு முழுவதற்குமான ஜாதிக் கணக்கு கடைசியாக வெளிவந்தது 1931-ல். 'நம்மாளுங்க எத்தனை பேரு?' என்று தெரிந்துகொள்ள தொண்ணூறு வருஷத்துப் பசி!

போன வாரம் எங்கள் செக்ஷன் பையன் ஒருத்தன் உளுந்த வடையைப் பிய்த்தபடி, "இதுக்கு எதுக்கு ஸார் வீடு வீடாப் போய்க் கேட்டுக்கிட்டு? பேரையும் மூஞ்சியையும் பார்த்தா தெரியாதா, ஆள் யாருன்னு?" என்றான்.

எனக்குப் புரையேறிவிட்டது. ஏனென்றால், 2011-ல் அதே புத்திசாலித்தனத்தைச் செய்து, ஒரு கிழவியிடம் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

அப்போது எனக்குக் கணக்கெடுக்க விழுந்த ஊர் ஜெகதாப்பட்டினம். புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரம். 'புதுக்கோட்டைக்குக் கடல் உண்டா?' என்று கேட்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். உண்டு ஸார்! 1974 ஜனவரி 14-ல் திருச்சியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் துண்டு துண்டாக வெட்டி இந்த மாவட்டத்தைத் தைத்தபோது, கூடவே ஒரு முழம் கடற்கரையும் வந்து சேர்ந்தது.

பிப்ரவரி 9 முதல் 28 வரை டயம். ஆளுக்கு 29 கேள்வி. பாரத்தை மடிக்கக் கூடாது, கசக்கக் கூடாது. குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கிக்கொண்டு போக வேண்டும். அங்கே விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும். அந்த நாட்களில் போனால் ஆம்பிளைகள் இருக்க மாட்டார்கள். மற்ற நாட்களில் போனால் வலை பின்னிக்கொண்டே, "சாயங்காலம் வாங்களேன் ஸார்" என்பார்கள்.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அந்த ஜனவரி 12-ம் தேதிதான் ஜெகதாப்பட்டினத்து மீனவ இளைஞர் ஒருவர் கடலில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ஒரு மாசம்கூட முழுசாக ஆகவில்லை. நான் பாரத்தை விரித்ததும் ஒரு பெரியவர், "போன மாசம் எங்க ஊர்ல ஒண்ணு குறைஞ்சு போச்சு. அதை எழுத இடம் இருக்கா தம்பி?" என்று கேட்டார். இல்லை. சென்ஸஸ் பாரத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் இடம்.

இப்படியே போனால் இந்த ஜென்மத்தில் முடியாது என்று எனக்குத் தோன்றியது. அதனால் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். வாசலில் பேர், வயசு, உறவு முறை மட்டும் கேட்டு நோட்டில் குறித்துக்கொள்வது. மீதியை ராத்திரி ரூமில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து நானே போட்டுக்கொள்வது! மதமா? பேரே சொல்லிவிடும். தாய்மொழி? தமிழ், வேறென்ன? பிறந்த இடம்? ஜெகதாப்பட்டினம். ஜாதி பற்றி அந்தப் பாரம் எஸ்.ஸி.யா, எஸ்.டி.யா, இரண்டும் இல்லையா என்று கேட்டது. அதையும் தெருவைப் பார்த்தே போட்டேன். இந்தக் கடற்கரை நெடுக பட்டினவர், கடையர், பரவர், கரையார், வலையர் என்று எத்தனையோ பேர்கள். எல்லோரும் என் பேனாவில் 'இரண்டும் இல்லை' ஆகிப் போனார்கள். மூன்றே ராத்திரியில் நாற்பது வீடு! மனுஷனை எண்ணுவது இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியம்.

நாலாம் நாள் மாட்டிக்கொண்டேன். ஒரு வீட்டில் மாமியார் வயசு விட்டுப் போயிருந்தது. கேட்கப் போனேன். திண்ணையில் கருவாட்டுக்குக் காவலாக அந்தம்மாவே உட்கார்ந்திருந்தார்.

"வயசு எழுபது இருக்கும். அது கெடக்கட்டும். மத்ததெல்லாம் எழுதிட்டியா? எங்க, படிச்சுக் காட்டு, கேப்போம்."

படித்தேன். "பிறந்த இடம்... ஜெகதாப்பட்டினம்."

"யாரு சொன்னா?"

நான் விழித்தேன்.

"நான் பொறந்தது அட்டன் பக்கம், தேயிலைத் தோட்டத்து லயத்துல. மகளை இங்க கட்டிக் குடுத்ததால இங்க கெடக்கேன். கேக்காம எப்படி தம்பி எழுதுனே?"

பதில் இல்லை. அந்தம்மா விடவில்லை.

"எங்க பாட்டன் இந்தப் புதுக்கோட்டைச் சீமையிலேர்ந்துதான் கங்காணி பின்னால கப்பலேறிப் போனாரு. அங்க கணக்கெடுக்க வந்த ஆளு எங்களை 'இந்தியத் தமிழர்'னு எழுதிட்டுப் போனான். சரி, நம்ம ஊரு இந்தியாதான் போலன்னு கப்பலேறி இங்க வந்தா, இங்க எனக்குப் பேரு 'சிலோன்காரி'! அந்தக் கரையில ஊர்க்காரி இல்ல, இந்தக் கரையிலயும் ஊர்க்காரி இல்ல. நீதான் தம்பி முதல் தடவையா என்னை இந்த ஊர்ல பொறந்தவளாக்கி இருக்கே. ஆனா, அது பொய்யால்ல இருக்கு?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தம்மா சொன்னது ஒரு வீட்டுக் கதை இல்லை. இலங்கைக் கணக்கில் தமிழர்களை 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என்று இரண்டு கட்டமாகப் பிரித்தது 1911-லேயே நடந்துவிட்டது. 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத்து ஜனங்களில் பெரும்பாலோரை நாடில்லாதவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று! மீதி ஒன்றரை லட்சம் பேரின் கதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தார்கள். நாம் ஆபீஸில் ஃபைல் பிரித்துக்கொள்வோமே, அது மாதிரி. அப்படிப் பிரித்த கட்டில் ஒரு தாள்தான், கருவாட்டுக்குக் காவலிருந்த இந்தம்மா.

மனசு கேட்கவில்லை. நாற்பது வீட்டுக்கும் மறுபடி போனேன். இந்தத் தடவை பேனாவை மூடி வைத்துக்கொண்டு, முதலில் கேட்டேன்.

முதல் அடி மருமகள்களிடம். நான் ஜெகதாப்பட்டினத்தில் பிறக்க வைத்திருந்த பெண்களில் ஏகப்பட்ட பேர் பிறந்தது மீமிசலிலும் தொண்டியிலும் சேதுபாவாசத்திரத்திலும்! கல்யாணமாகி இருபது வருஷம் கழித்து ஒருத்தர் வந்து பிறந்த ஊரைக் கேட்டதில் அவர்கள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே... (என் மனைவி பிறந்த ஊரை நான் தப்பாக எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். உடம்பு நடுங்கியது.) தமிழில் வெளுத்து வாங்கிய டீக்கடைக்காரரின் தாய்மொழி மலையாளம்.

ஒரு முஸ்லிம் பெரியவர் வீட்டில் டீ கொடுத்து உட்கார வைத்துச் சொன்னார்: "இங்க நான் முஸ்லிம், தாய்மொழி தமிழ். கொழும்புல இருக்கிற என் மச்சான் சோனகர். சிங்கப்பூர்ல இருக்கிற என் தம்பி மகன் இண்டியன். மூணு பேரும் பெருநாளைக்கு போன்ல பேசிக்கிறது ஒரே தமிழ்தான் தம்பி!"

உண்மைதான். இலங்கைக் கணக்கில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் தமிழர் கட்டத்தில் வர மாட்டார்கள், 'சோனகர்' என்று தனி இனம். 2012 கணக்கில் நூற்றுக்கு ஒன்பது பேருக்குச் சற்று மேல். சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்று நாலு டப்பா. தமிழனோ பஞ்சாபியோ, இந்தியர் டப்பாவில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். அமெரிக்காக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. 1930, 1940 கணக்குகளில் நம் நாட்டுக்காரர்களுக்கு அவர்கள் வைத்த இனப் பெயர் 'ஹிந்து'. சீக்கியர் போனாலும் ஹிந்து, முஸ்லிம் போனாலும் ஹிந்து! 1970-ல் நம்மை வெள்ளைக்காரர்களோடு சேர்த்தார்கள். 1980-ல்தான் 'ஆசிய இந்தியர்' என்று தனிக் கட்டம். எந்த ஃபேர்னெஸ் க்ரீமும் செய்ய முடியாததை ஒரு குமாஸ்தா பேனா செய்திருக்கிறது, பாருங்கள்.

ஆக, ஆள் மாறவில்லை. எந்தக் கரையில் நின்று எண்ணுகிறார்கள் என்பதுதான் மாறுகிறது. கணக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடம், ரேஷன், தொகுதி, இட ஒதுக்கீடு எல்லாமே இதைப் பார்த்துத்தான். எண்ணப்படாதவனுக்கு எதுவும் வராது. அதனால்தான் கேட்டு எழுத வேண்டும் என்கிறேன்.

பாரங்களை வீணாக்கியதற்கு எனக்கு மேலிருந்தவரிடம் வாங்கிய திட்டு தனி அத்தியாயம். அதை இன்னொரு நாள் சொல்கிறேன். கடைசியாக அந்தம்மாவின் பாரத்தைத் திருத்தி எழுதி, 'பிறந்த இடம்: இலங்கை' என்று படித்துக் காட்டினேன்.

"எந்த ஊர்க்காரின்னு எழுத அதுல இடம் இருக்கா?"

"இல்லைம்மா. ஆனா இப்ப எங்க குடியிருக்கீங்களோ, அந்த ஊர்க் கணக்குலதான் வருவீங்க."

"அப்ப ஜெகதாப்பட்டினத்துல நானும் ஒருத்தி?"

"ஆமாம்மா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, கருவாட்டின் மேல் உட்கார வந்த காக்காயை விரட்டிவிட்டு, "சரி, போயிட்டு வா. அடுத்த வீட்லயாவது கேட்டு எழுது" என்றார்.

பின்னால் அந்தக் கணக்கு வெளிவந்தது. புதுக்கோட்டை மாவட்டம்: இந்துக்கள் சுமார் 88 சதவீதம், முஸ்லிம்கள் 7, கிறிஸ்தவர்கள் நாலரை. ஆயிரம் ஆண்களுக்கு 1,015 பெண்கள். அந்தச் சதவீதங்களில் அட்டன் லயம் தெரியாது, கொழும்பு மச்சான் தெரிய மாட்டார். ஆனால், மொத்த எண்ணிக்கை 16,18,345 என்று பார்த்தபோது எனக்கு அந்தம்மா ஞாபகம் வந்தார். அவர் இல்லாவிட்டால் கடைசியில் இருப்பது நாலு!

இதையெல்லாம் கேன்டீனில் சொல்லி முடித்தேன். செக்ஷன் பையன் வடையைக் கீழே வைத்துவிட்டு, ஏதோ யோசனையாகக் கேட்டான்: "ஸார்... உங்க சொந்த ஊர் எது ஸார்?"

மூணு வருஷமாகப் பக்கத்து டேபிளில் உட்கார்ந்திருக்கிறான். இப்போதுதான் கேட்கிறான். பேனா மூடித்தான் இருந்தது. சந்தோஷமாகச் சொன்னேன்.