கானில் ஓடிப்போகும் உரம்

தெஹியோவிட்ட பக்கம் எங்கள் தோட்டம். லயத்துக்குப் பின்னால் ஒரு கான் ஓடுகிறது. குளித்த தண்ணி, உடுப்புக் கழுவிய சவர்க்காரத் தண்ணி, கக்கூஸ் குழியில் கசிவது எல்லாம் அதற்குள்தான். கானிலிருந்து ஓடை, ஓடையிலிருந்து சீதாவக்க கங்கை, அவிசாவளைக்குக் கிட்ட களனி. அந்தக் களனித் தண்ணியைத்தான் அம்பத்தளையில் சுத்திகரித்துக் கொழும்புக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள்.

ஒருமுறை டவுனிலிருந்து சிலர் வந்து லயத்து ஆட்களைக் கூட்டி, "ஆற்றை நாசமாக்காதீங்க" என்று பேசினார்கள். பால் வெட்டிவிட்டு வந்து நின்ற அம்மா கேட்டாங்க: "கான் எங்க போகணும்னு நாங்களா வெட்டினோம்?" யாரும் பதில் சொல்லவில்லை.

அந்தக் கேள்வியோடுதான் கழிவுநீரைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். அதில் பொசுபரசு இருக்கிறது. நம் மலத்திலும் சிறுநீரிலும் இருக்கிறது, இறப்பர் பாலிலும் இருக்கிறது. எப்பாவலயில் தோண்டும் பொசுபேற்றுக் கல்லை அரைத்து இறப்பருக்கும் தேயிலைக்கும் போடுகிறோமே, அதுவும் இதே சாமான்தான். மலையில் இருந்தால் உரம். தண்ணியில் சேர்ந்தால் பாசிக்குச் சாப்பாடு. பாசி பெருகிச் செத்து அழுகும்போது ஒட்சிசன் குறையும், மீன் சாகும்.

இதை மருந்து போட்டும் எடுக்கலாம், பற்றீரியாவை வைத்தும் எடுக்கலாம். இரண்டாவதை முதலில் கவனித்து எழுதியவர்களில் நம் பக்கத்து ஆட்கள் இருக்கிறார்கள். 1959ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஸ்ரீநாத், சாஸ்திரி, பிள்ளை மூவரும், காற்றூட்டிய கழிவுநீர்ச் சேறு பொசுபரசை வேகமாக உறிஞ்சுவதைப் பதிவு செய்தார்கள். 1970களில் தென்னாபிரிக்காவில் ஜேம்ஸ் பர்னார்ட் அதை ஆலையில் செய்யக்கூடிய முறையாக்கினார்.

வேலை இப்படி நடக்கிறது. முதல் தொட்டியில் காற்று இல்லை. பற்றீரியா தன் உடம்பில் சேர்த்து வைத்த பொசுபரசைத் தண்ணியில் விட்டு, அந்தச் சக்தியில் சாப்பாட்டை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அடுத்த தொட்டியில் காற்று வரும். அந்தச் சாப்பாட்டை எரித்து, விட்டதையும் அதற்கு மேலேயும் திரும்ப எடுக்கிறது. அப்போது சேற்றின் ஒரு பங்கை வெளியே எடுத்தால் பொசுபரசும் அதோடு வந்துவிடும். சாதாரண சேற்றின் உலர்ந்த எடையில் அது 2 சதவீதம் அளவில்தான் இருக்கும், இதில் 5 முதல் 7 வரை வரும்.

அம்மாவுக்கு இதை நகைக்கடை மாதிரிச் சொன்னேன். பசியில அடகு வைக்குது, கை நிறைஞ்சதும் மீட்டு இன்னும் கொஞ்சம் சேர்த்து வாங்குது. "அதுகளுக்காவது மீட்க முடியுதே" என்றாங்க. எங்கள் வீட்டு நகை போன இடம் இரண்டு பேருக்கும் தெரியும்.

இந்த ஆலையை ஒரு லயத்துக்குப் பின்னால் கட்ட முடியாது. கரண்ட் வேணும், தினமும் பார்க்க ஆள் வேணும். ஆனால் 2021ல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தி, உரத்துக்கு நாடே அலைந்த மாதங்களிலும் எங்கள் கானில் பொசுபரசு ஓடிக்கொண்டேதான் இருந்தது. அதைப் பிடித்து வைக்க ஒழுங்கான கக்கூஸ் குழியும், சேர்ந்த சேற்றை அள்ளிப் பதப்படுத்த ஓர் இடமும் முதலில் வேண்டும். அதைக் கேட்காமல் எங்களிடம் ஆற்றைப் பற்றிப் பேச வருகிறவர்களுக்கு அம்மாவின் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது.