கரியும் காற்றும் நீரும்: தன்பாத் வட்டாரக் காட்சிகள்

சென்னையிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆலப்புழை விரைவு வண்டியேறித் தன்பாத்தில் வந்திறங்கும் உறவினர், "இவ்வூரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று வினவுவது வழக்கம். நம் ஊர்களைப் போல் கோபுரமோ கடற்கரையோ இங்கு இல்லைதான். ஆயினும், மண்ணும் நீரும் வானும் தமக்குள் நடத்திவரும் கொடுக்கல் வாங்கலில் மனிதன் எவ்வாறு கை வைத்துள்ளான் என்பதை ஒரே பகற்பொழுதில் காண இவ்வட்டாரத்தினும் ஏற்ற இடம் கிடைப்பது அரிது. வாடகைக் காரும் கட்டுச்சோறும் இருந்தாற் போதும்.

முதலில் ஜரியா. 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் இங்கே சதுப்புக் காடுகள் இருந்தன. அம்மரங்கள் காற்றிலிருந்து உட்கொண்ட கரியே மண்ணுள் புதைந்து நிலக்கரியாயிற்று. சரக்கு அலுவலகத்தில் நாங்கள் ரசீது எழுதி அனுப்பும் வண்டித் தொடர் ஒன்றில் 58 பெட்டிகள் வரை உண்டு. அவ்வளவும் ஏதேனும் ஓர் அனல் நிலையத்தில் எரிந்து, வந்த வழியே காற்றுக்குத் திரும்புகிறது. தூய கரி 1 டன் எரிந்தால் ஏறத்தாழ 3.7 டன் கரியமில வாயு உண்டாகும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காயிருந்த அவ்வாயு, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது.

எவருக்கும் பயனின்றி எரியும் கரியும் ஜரியாவில் உண்டு. கைவிடப்பட்ட சுரங்கங்களுள் காற்றுப் புகுந்தால் நிலக்கரி தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும். 1916-இல் முதன்முதல் கண்டறியப்பட்ட இந்த நிலத்தடித் தீ இன்னும் அவிந்தபாடில்லை. நில வெடிப்புகளில் புகை எழ, அருகிலேயே குடிசைகளில் அடுப்பு எரிகிறது. இத்தீக்கு அஞ்சியே 2017 ஜூன் 15 அன்று தன்பாத்–சந்திரபுரா இருப்புப் பாதை மூடப்பெற்று, 2019-இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. மக்களைக் குடிபெயர்க்க 2009-இல் பெருந்திட்டம் வகுத்துப் பெல்கரியாவில் வீடுகள் கட்டித் தந்தனர். ஆனால் கூலி வேலை ஜரியாவில் இருக்க, வீடு மட்டும் தொலைவில் இருந்து யாது பயன் என்று பலர் நகர மறுக்கின்றனர். பிழைப்பின் பொருட்டு ஊரையே விட்டு வந்த நாம் அவர்களை எங்ஙனம் குறை கூறுவது?

அடுத்தது சிந்திரி. இங்கு 1951-இல் உர உற்பத்தி தொடங்கிற்று. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜனே. எனினும் பயிர்கள் அதனை நேரே உண்ண இயலா. மின்னலும், அவரைக் குலச் செடிகளின் வேர்களில் வாழும் நுண்ணுயிர்களும் சிறிது சிறிதாகச் செய்துவந்த பணியை, ஆலையில் மிகுந்த அழுத்தமும் வெப்பமும் கொண்டு செய்கின்றனர். பழைய ஆலை 2002-இறுதியில் மூடப்பட்டுத் தெருக்களே உறங்கிக் கிடந்தன. புதிய ஆலை 2022-இல் இயற்கை வாயுவைக் கொண்டு யூரியா ஆக்கத் தொடங்கியது. உரத்தால் கோடிக்கணக்கான வயிறுகள் நிறைகின்றன, மறுப்பதற்கில்லை. ஆயினும் வயலில் தூவியதில் பெரும்பங்கு பயிருக்குச் சேர்வதில்லை. ஒரு பகுதி நைட்ரேட்டாகிக் கிணற்று நீரில் இறங்குகிறது. மற்றொரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகி வானேறுகிறது. எடைக்கு எடை, கரியமில வாயுவினும் ஏறத்தாழ 270 மடங்கு வெப்பமூட்ட வல்லது அது.

பிற்பகலில் அணைகளைக் காணலாம். 1943-இல் தாமோதர் ஆறு பர்த்துவான் அருகே கரையுடைத்துக் கல்கத்தாவின் இருப்புப் பாதையைத் துண்டித்தது. அதன்பின் எழுந்தவையே 1957-இல் முடிந்த மைத்தான் அணையும், 1959-இல் முடிந்த பஞ்சேத் அணையும். மைத்தான் ஏரியில் படகு விடுகிறார்கள், குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். முன்னர் ஓரிரு மாதங்களில் கடலுக்கு ஓடிய மழைநீர் இப்போது ஆண்டு முழுதும் தேங்கி நிற்கிறது, வெயிலில் ஆவியாகிறது, அனல் நிலையங்களின் குளிர்விப்புக் கோபுரங்கள் வழியே வெண்மேகமாய் எழுகிறது. கீழ்நிலத்துக்குச் செல்லவேண்டிய வண்டலோ ஏரியின் அடியில் படிந்து கொள்ளளவைக் குறைத்துவருகிறது.

பஞ்சேத் அணையைத் திறந்துவைக்கப் பிரதமர் நேரு 1959 டிசம்பர் 6 அன்று வந்தபோது, அங்கு வேலை செய்த புத்னி மேஜன் என்னும் சந்தால் பெண்ணைக் கொண்டே பொத்தானை அழுத்தச் செய்தார். அவர் இனத்தார் வாழ்ந்த சிற்றூர்கள் பலவற்றை அந்த ஏரியே கொண்டது. தேல்குப்பி என்னும் ஊரின் பழங்கோயில்களும் அதனுள் மூழ்கின. கோடையில் நீர் வற்றும்போது, எஞ்சிய கோயிலின் கல்முடி வெளியே தெரியும். படகில் அருகே சென்று காணலாம்.