வழிகாட்டி சொல்லாத ஆண்டு

சென்ற விடுமுறையில் குடும்பத்தோடு நுவரெலியாவை அரைநாள் சுற்றிப் பார்த்தோம். வழிகாட்டி ஒவ்வொன்றுக்கும் ஆண்டு சொன்னார்: ஹக்கல பூங்கா 1861, கிரகரி ஏரி 1873.

தேயிலைச் சரிவில் வேன் நின்றது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் என் மனைவி பேச்சுக் கொடுத்தார்.

"ஏரியில படகு ஏறியிருக்கிறீங்களா?"

"எங்கம்மா நேரம்? புள்ளைகள ஒருநாள் கூட்டிப்போகணும்" என்றார், கை நிற்காமல்.

"அந்த நீள வீடுகள் என்ன, வாப்பா?" என்றாள் மகள். "லயம்" என்றார் வழிகாட்டி. அதற்கு ஆண்டு சொல்லவில்லை. நான் சொன்னேன்: இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய சட்டம் 1948, எஞ்சியோருக்கும் குடியுரிமை தந்த சட்டம் 2003.

சகோதரிகளே, மலையகம் போனால் அருவியை மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். நம் தேநீருக்குக் கொழுந்து பறிக்கும் அந்தப் பெண்களிடம் நின்று நலம் விசாரித்து வாருங்கள்.