மூன்றாம் பக்கத்தில் மொத்தம்

வேறு யாரும் முன்வராததால் எங்கள் அடுக்ககச் சங்கத்துக்கு நான் பொருளாளரானேன். ஆண்டு வரவு செலவுக் கணக்கை வீட்டிலேயே தட்டச்சு செய்தேன். ஐந்து பத்தி அட்டவணை, கச்சிதமாக இரண்டு பக்கம். பென் டிரைவில் போட்டுக்கொண்டு தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனபோது மணி ஐந்து. ஏழு மணிக்குக் கூட்டம்.

கடைப் பெண் கோப்பைத் திறந்தார். "மூணு பக்கம் சார்."

"ரெண்டுதாம்மா."

திரையை என் பக்கம் திருப்பினார். ‘பராமரிப்பு’ என்ற சொல்லில் ‘ப்பு’ மட்டும் அடுத்த வரிக்கு இறங்கியிருந்தது. இப்படியே கட்டத்துக்குக் கட்டம் ஒரு வரி கூடி, மூன்றாம் பக்கத்தின் உச்சியில் ‘மொத்தம்’ தன்னந்தனியாக நின்றது. கணக்கில் கைவைத்தவன் செய்கிற வேலை மாதிரி இருந்தது.

கோப்புக்குள் பக்கத்தின் படமே இருப்பதாக அதுவரை நம்பியிருந்தேன். இருப்பதெல்லாம் குறிப்புதான்: இந்தப் பத்தி இத்தனை அகலம், இந்த எழுத்துரு, இத்தனை புள்ளி. திறக்கும்போதெல்லாம் கணினி தன்னிடம் உள்ளதை வைத்துப் புதிதாகச் சமைக்கிறது. நான் அடித்தது நோட்டோ சான்ஸ் தமிழில். கடையில் அது இல்லை. நிர்மலா வந்து உட்கார்ந்துவிட்டது. 12 புள்ளி என்பதால் எல்லா எழுத்துருவும் ஒரே இடத்தை அடைத்துக்கொள்வதில்லை. ஆங்கிலத்தில் டைம்ஸ் நியூ ரோமனுக்கு அதே அகலத்தில் வார்த்த லிபரேஷன் செரிஃப் 2007இலேயே வந்துவிட்டது. என் கணக்குக்கு அந்த யோகம் இல்லை.

பெரியப்பா மண்டிக்கடையில் கணக்கெழுதியவர். பேரேட்டில் கோடு அச்சாகியே வரும். சரக்கின் பெயர் நீண்டால் எழுத்தை நெருக்குவார், அதுவும் போதாவிட்டால் ‘வகையறா’ என்று முடித்துவிடுவார். கோடு அசையாது, எழுத்துதான் ஒதுங்கும். கணினியில் யார் ஒதுங்குவது என்பதிலேயே வழக்கு. வேர்டில் புதிதாகப் போடும் அட்டவணை, நீளமான சொல் வந்தால் கோட்டை நகர்த்தி இடம் கொடுக்கும். லிப்ரேஆபிஸ் ரைட்டர் பெரியப்பா கட்சி. கோடு நிற்கும், சொல் வெட்டுப்படும். எது சரி என்றால், தமிழில் எழுதுகிற நான் வேர்டின் பக்கம்தான் சாய்வேன். நம் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீள்பவை. இரண்டின் கோப்பு வடிவத்துக்கும் உலகத் தர முத்திரை உண்டு, ஒன்றுக்கு 2006இல், மற்றதற்கு 2008இல். பிந்தியதன் விளக்க ஆவணம் 6,000 பக்கத்துக்கு மேல். அத்தனை பக்கமும் சேர்ந்து என் ‘ப்பு’வை மேலே ஏற்றவில்லை.

"பிடிஎஃப் பண்ணிக் கொண்டுவந்திருக்கலாமே சார்?"

நியாயம்தான். ஆனால் அந்த நேரம் பார்த்துச் செயலாளர் போனில் வந்தார். காவலாளியின் தீபாவளி போனஸில் ஐந்நூறு கூட்ட வேண்டுமாம். பிடிஎஃப் ஆக இருந்தால் வீட்டுக்கு ஓடியிருப்பேன்.

அந்தப் பெண் அலட்டிக்கொள்ளவில்லை. தொகையைத் திருத்தினார், எழுத்தை ஒரு புள்ளி குறைத்தார், பக்க ஓரத்தை நறுக்கினார், சுட்டியால் ஒரு கோட்டைப் பிடித்து இழுத்தார். ‘மொத்தம்’ இரண்டாம் பக்கத்தின் அடியில் வந்து உட்கார்ந்தது. முப்பத்திரண்டு பிரதி. கூட்டத்தில் போனஸைப் பற்றி மட்டும் முக்கால் மணி நேரம் பேசினார்கள்.

அவர் சேமித்துத் தந்த கோப்பை இரவு வீட்டில் திறந்து பார்த்தேன். ஒன்றரைப் பக்கம்.