பெரியப்பாவுக்கு, ஸ்டார்ம் லேக்கிலிருந்து

ஸ்டார்ம் லேக், அயோவா
15.10.2023

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பெரியம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? நான் சொன்ன பயிற்சியைச் செய்கிறார்களா, இல்லை தைலம் மட்டும்தானா என்று எழுதுங்கள்.

போனில் பேசியபோது, "நீ இருக்கிற ஊரில் யாரம்மா குடியிருக்கிறார்கள், என்ன பிழைப்பு?" என்று கேட்டீர்கள். லைன் விட்டுவிட்டு வந்ததால் சரியாகச் சொல்ல முடியவில்லை. கணக்கெடுப்புப் படிவத்தோடு தெருத்தெருவாக அலைந்த வாத்தியார் நீங்கள். உங்களுக்கு அரைகுறையாகச் சொல்ல மனம் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஸ்டார்ம் லேக் அயோவா மாநிலத்தின் வடமேற்கில் இருக்கிறது. ஊரைத் தாண்டினால் நான்கு பக்கமும் மக்காச்சோளமும் சோயாவும்தான். இப்போது அறுவடைக் காலம். இரவு வெகுநேரம் வரை வயலில் இயந்திரங்களின் விளக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். ஊருக்குத் தெற்கே சுமார் 3,200 ஏக்கரில் ஒரு ஏரி. பழைய பனிப்படலம் உருகிப் பின்வாங்கியபோது உண்டானது, ஆழம் குறைவு. வடகரையில் ஊர், கரையோரம் பூங்காவும், 1891இல் தொடங்கிய பியூனா விஸ்டா கல்லூரியும். கல்லூரி இப்போது பல்கலைக்கழகம்.

உங்களுக்குப் பிடித்த கணக்குக்கு வருகிறேன். 1980இல் இந்த ஊரின் மக்கள்தொகை 8,814. 2020இல் 11,269. இதில் என்ன அதிசயம் என்று நினைப்பீர்கள். பக்கத்தில் இருக்கும் போகஹான்டஸ் கவுன்டியைப் பாருங்கள்: அதே நாற்பது ஆண்டில் 11,369 பேர் 7,078 ஆகக் குறைந்துவிட்டார்கள். 2010க்கும் 2020க்கும் இடையில் மட்டும் அயோவாவின் 99 கவுன்டிகளில் 68இல் ஆள் குறைந்தது. பெரிய இயந்திரங்கள் வந்தபின் ஆயிரக்கணக்கான ஏக்கரை ஒரே குடும்பம் பார்த்துக்கொள்ள முடிகிறது. 1980களில் கடனில் மூழ்கி நிலத்தை இழந்தவர்கள் ஏராளம். பிள்ளைகள் படித்து முடித்து டி மாய்ன், மினியாபொலிஸ் என்று போனவர்கள் திரும்பவில்லை. இப்படிச் சுற்றுவட்டாரமே வற்றிக்கொண்டிருக்க, இந்த ஊரில் மட்டும் பள்ளியில் புது வகுப்பறை கட்டுகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் வேண்டுமல்லவா?

காரணம் பன்றி இறைச்சி ஆலை. முன்பு ஹைகிரேட் என்ற நிறுவனம் நடத்தியது. தொழிற்சங்கம் இருந்தது; அந்தச் சம்பளத்தில் ஒருவர் வீடு கட்டி, பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்ப முடிந்தது. 1981இல் அது மூடப்பட்டது. அடுத்த ஆண்டே ஐபிபி என்ற நிறுவனம் அதை வாங்கித் திறந்தது. சங்கம் இல்லை, கூலி குறைவு, வேகம் அதிகம். பழைய ஆட்களில் மிகச் சிலரே திரும்பப் போனார்கள். அந்த இடத்தை நிரப்பத்தான் வெளியாட்கள் வந்தார்கள். 2001இல் ஐபிபியை டைசன் வாங்கியது. இன்று ஒரு நாளைக்கு 17,000 பன்றிகள் வரை வெட்டக்கூடிய ஆலை அது. வான்கோழி ஆலை ஒன்று தனியாக இருக்கிறது.

முதலில் வந்தவர்கள் லாவோஸ்காரர்கள். அவர்களில் தை தாம் என்ற இனத்தார் வியட்நாமின் வடமேற்கு மலையில் இருந்தவர்கள். 1954இல் லாவோஸுக்கு ஓடினார்கள், 1975இல் அங்கிருந்தும் ஓடினார்கள். பிரிந்து சிதறாமல் ஒரே இடத்தில் வாழ வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது, சம்மதித்தவர் அயோவாவின் ஆளுநர் ராபர்ட் ரே. அவர் குடியரசுக் கட்சிக்காரர். இன்றும் அமெரிக்காவிலுள்ள தை தாம் மக்களில் பெரும்பாலோர் இந்த மாநிலத்தில்தான் இருக்கிறார்கள். அடுத்து மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்திலிருந்து வந்தார்கள். ஒரே கிராமத்திலிருந்து அண்ணன் முதலில், பிறகு தம்பி, பிறகு மச்சான் என்று, நம் பக்கத்து ஆட்கள் திருப்பூருக்குப் போன மாதிரியேதான். பிறகு தென் சூடான்காரர்கள், பசிபிக் தீவுகளான மைக்ரோனேசியாவிலிருந்து வந்தவர்கள். இப்போது ஊரில் வெள்ளையர் பாதிக்கும் குறைவு. பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் பேசும் மொழிகள் இருபதுக்கும் மேல்.

இதை நான் பார்ப்பது, டாக்டராக வேலை செய்யும் மருத்துவமனையில். மேல்தளத்தில் படுத்திருக்கும் முதியவர்களின் பெயர்கள் ஜெர்மன், ஸ்வீடிஷ், ஐரிஷ். பிரசவ அறையில் எழுதுபவை பெரும்பாலும் ஸ்பானிஷ், லாவோ, மைக்ரோனேசியப் பெயர்கள். ஒரே ராத்திரிப் பணியில் இரண்டு பக்கத்துக்கும் ஓட வேண்டியிருக்கும். இந்த வட்டாரத்தின் நூற்றாண்டுக் கதையை உங்களுக்கு வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, பெரியப்பா.

கைகளைப் பற்றியும் எழுத வேண்டும். வெட்டு வரிசையில் நிற்பவர் ஒரு கையில் கத்தி, மறுகையில் கொக்கி பிடித்திருப்பார். ஒரே வெட்டை ஒரு ஷிப்டில் ஆயிரக்கணக்கான முறை வெட்டுவார். உள்ளே குளிர். சில ஆண்டில் காலையில் விரல் மடங்கியபடியே நின்றுவிடும். மறுகையால் ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டும். மணிக்கட்டு நரம்பு அழுந்தி ராத்திரியெல்லாம் மரமரப்பு. முப்பது வயதுப் பெண் ஒருத்தி குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை என்று சொன்னாள். ஓய்வு எழுதித் தரட்டுமா என்றேன். சம்பளம் போய்விடும், வேண்டாம் என்றாள். மணிக்கட்டுப் பட்டையும் ஊசியும் கொடுத்து அனுப்பினேன். 2020 மே மாதம் கொரோனாவில் இந்த ஆலையின் 2,517 பேரில் 555 பேருக்குத் தொற்று வந்தது. நாடே வீட்டில் இருந்தபோது இறைச்சி ஆலைகள் ஓட வேண்டும் என்று அதற்குச் சில வாரம் முன்னால்தான் ஜனாதிபதி உத்தரவு போட்டிருந்தார். ஊரைத் தாங்கி நிற்பவர்களுக்கு ஊர் கொடுத்த விலை அது என்று நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

மைக்ரோனேசியர்கள் கதை வேறு. 1986இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி விசா இல்லாமலே அவர்கள் இங்கு வந்து வேலை செய்யலாம். ஆனால் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு 1996இல் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. 2020 டிசம்பரில்தான் திரும்பக் கிடைத்தது. நடுவில் இருபத்து நான்கு ஆண்டுகள். சர்க்கரை நோய் அவர்களிடம் மிக அதிகம். கட்டுப்பாடில்லாமல் முற்றி, காலிலும் சிறுநீரகத்திலும் வந்து நிற்கும்போதுதான் எங்களிடம் வருகிறார்கள். சட்டத்தில் ஒரு வரி விடுபட்டால் அது உடம்பில் எங்கே தெரியும் என்பதை இங்கேதான் கற்றேன்.

எல்லாம் துயரம் என்று நினைக்காதீர்கள். லேக் அவென்யூ பக்கம் போனால் மெக்சிகோ ரொட்டிக் கடையில் காலை ஆறு மணிக்கே வாசனை வந்துவிடும். ஆசியக் கடையில் புளி, தேங்காய்ப்பால், நம் ஊர்க் காரத்துக்குச் சளைக்காத பச்சை மிளகாய், உறைய வைத்த முருங்கைக்கீரை எல்லாம் கிடைக்கிறது. சாம்பார் வைப்பதில் எனக்குக் குறையே இல்லை என்று பெரியம்மாவிடம் சொல்லுங்கள்.

இந்த ஊருக்கு ஒரு பத்திரிகையும் உண்டு. ஜான் கல்லன் 1990இல் தொடங்கியது. சுமார் 3,000 பிரதி விற்ற, ஒரு குடும்பமே நடத்திய ஏடு. வயல்களின் அடியில் பதித்த வடிகால் குழாய்கள் வழியாக நைட்ரேட் ஆற்றில் கலக்கிறது என்று டி மாய்ன் குடிநீர் வாரியம் 2015இல் எங்கள் கவுன்டி உட்பட மூன்று கவுன்டிகள் மீது வழக்குப் போட்டது. வழக்குச் செலவுக்குப் பணம் தருவது யார் என்பதைக் கவுன்டிகள் வெளியே சொல்லவில்லை. ஜானின் தம்பி ஆர்ட் கல்லன், விவசாய ஊரில் இருந்துகொண்டே, அதை விடாமல் கேட்டுத் தலையங்கம் எழுதினார். 2017இல் அதற்குப் புலிட்சர் பரிசு. விளம்பரம் போகும், பக்கத்து வீட்டார் முகம் கொடுக்க மாட்டார்கள் என்று தெரிந்தே எழுதியவர்கள். அந்தத் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

அரசியலைக் கேட்பீர்கள். 2016, 2020 இரண்டு தேர்தலிலும் இந்தக் கவுன்டி டிரம்புக்கே வாக்களித்தது. குடியேறிகளைப் பற்றி மிகக் கடுமையாகப் பேசிய ஸ்டீவ் கிங் பல ஆண்டுகள் இந்தப் பகுதியின் காங்கிரஸ் உறுப்பினர். ஆனாலும் என்னிடம் வரும் வயதான பன்றிப் பண்ணைக்காரர் ஒருவர் நேராகவே சொன்னார்: "அந்த வரிசையில் அவர்கள் நிற்காவிட்டால் என் பன்றியை யார் வாங்குவார்?" வாக்கு ஒரு பக்கம், வாழ்க்கை ஒரு பக்கம். இரண்டும் ஒரே மனிதருக்குள் இருக்கின்றன. அவர் நல்லவரா கெட்டவரா என்று தீர்ப்பு எழுத எனக்கு விருப்பமில்லை. அவர் பேரன் படிக்கும் வகுப்பில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

இனி அந்த இன்னொரு காரணம். ஜே-1 விசாவில் வந்து இங்கே பயிற்சி முடித்த வெளிநாட்டு மருத்துவர்கள் இரண்டு ஆண்டுகள் சொந்த நாடு திரும்ப வேண்டும் என்பது விதி. மருத்துவர் பற்றாக்குறை உள்ள ஊரில் மூன்று ஆண்டுகள் வேலை செய்தால் விலக்கு. ஒரு மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 பேர்தான். அப்படித்தான் நானும் இங்கு வந்தேன். முடிந்ததும் டல்லாஸுக்கோ சிகாகோவுக்கோ போய்விடுவேன், கோயிலும் தமிழ்ச் சங்கமும் உள்ள இடத்தில் வீடு வாங்குவேன் என்று அப்பா நம்பிக்கொண்டிருக்கிறார்.

நான் போகப்போவதில்லை, பெரியப்பா. படித்தவர்கள் விட்டுப்போனதால் காலியான ஊர்களை இங்கே தினமும் பார்க்கிறேன். வந்தவர்களால் பிழைத்த ஊர் இது. அந்த வந்தவர்களில் நானும் ஒருத்தி. இருபது ஆண்டு கத்தி பிடித்த கைகளை யார் பார்ப்பது? அவர்கள் பிள்ளைகளில் ஒருவர் டாக்டராகி இந்த நாற்காலிக்கு வரும்வரை நான் இருக்கிறேன் என்று முடிவு செய்துவிட்டேன்.

இதை அப்பாவிடம் நான் சொன்னால் சண்டையில் முடியும். அண்ணன் நீங்கள் சொன்னால் அவர் கேட்பார். தீபாவளிக்கு அவர் உங்கள் வீட்டுக்கு வரும்போது நிதானமாகப் பேசுங்கள். கணக்கெல்லாம் மேலே எழுதியிருக்கிறேன். பெரியம்மாவும் நீங்களும் வரும் ஜூனில் கிளம்பி வாருங்கள். பனி இருக்காது. டிக்கெட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், பாஸ்போர்ட் காலாவதி ஆகிவிட்டதா என்று மட்டும் இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.

தங்கள் அன்பு மகள்,
செல்வி