நாலு மார்க்... மூணு அடி!

கோல்ஃப் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: நந்தனம் பக்கம் பஸ் டிராஃபிக்கில் மாட்டும்போது, சுவருக்கு அந்தப்புறம் தொப்பி போட்ட பெரிய மனிதர்கள் நடப்பார்கள். பின்னாலேயே இன்னொருத்தர் அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பார். ‘சொந்தப் பையைக்கூடத் தூக்காதவன் என்னய்யா ஸ்போர்ட்ஸ்மேன்!’ என்று, டிபன் பாக்ஸோடு நசுங்கியபடி நினைத்துக்கொள்வேன்.

அப்பேர்ப்பட்ட நான், கோல்ஃபின் தலைநகரத்துக்கே போய், குனிந்து நின்று பந்து தட்டக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறேன். நம்புங்கள்!

போனது என்னவோ வேலைக்கு. 2018 ஜூன் மாதம் எங்கள் கம்பெனி என்னை ஸ்காட்லாந்தில் டண்டீ என்ற ஊருக்கு ஆறு வாரம் அனுப்பியது. அங்கே ஓர் ஆபீஸ். அதில் ஒருத்தர் முப்பத்தொரு வருஷமாகக் கணக்கு எழுதுகிறார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வேலையைக் கற்றுக்கொண்டு, அப்படியே பெருங்குடிக்குக் கொண்டு வந்துவிட வேண்டும். ஆபீஸ் பாஷையில் இதற்கு ‘டிரான்ஸிஷன்’ என்று பெயர். நம் பாஷையில் சொன்னால், ஒருத்தர் நாற்காலியை அவரிடமே கேட்டு வாங்கி வருவது.

முதல் நாள் பலியாடு மாதிரி போய் நின்றேன். (உண்மையில் பலியாடு அவர்தான்.) ஜூன் மாதத்தில் சிவப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தார். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். அப்பா வயசு மனிதரை எப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது? வாய் வரவில்லை. ‘சார்’ என்றேன். அவர் என்னை ‘லாடி’ என்றார். நம்ம ஊர் ‘தம்பி’ மாதிரி.

மூன்றாவது நாள், டீ குடிக்கும்போது கேட்டே விட்டேன். “சார்... உங்களுக்குக் கோபமே இல்லையா?”

“இருக்கு. ஆனா உன்மேல இல்லை” என்றார். பிறகு ஜன்னல் பக்கம் கை காட்டினார். “எங்க பாட்டி இந்த ஊர்ச் சணல் மில்லுல வேலை பார்த்தவ. வங்காளத்துச் சணல் கப்பல்ல இங்கே வரும். அப்புறம் மெஷினெல்லாம் கல்கத்தாவுக்கே போச்சு, மில்லும் அங்கேயே போயிடுச்சு. இங்கே கடைசி மில்லை 1999-ல மூடினாங்க. சணல் கல்கத்தாவுக்குப் போச்சு, கணக்கு மெட்ராஸுக்குப் போகுது. இந்த ஊருக்குப் பழக்கம்தான் லாடி!”

எனக்கு பிஸ்கட் தொண்டையில் நின்றது. அவரே பேச்சை மாற்றினார்.

“சனிக்கிழமை என்ன பண்ணப் போறே?”

“துணி துவைக்கணும் சார்.”

“அதை ஞாயித்துக்கிழமை பண்ணு. ஹிமாலயாஸ் போகலாம்.”

“இமயமலைக்கா?!”

“பஸ்ல அரை மணிதான்.”

*

99-ம் நம்பர் பஸ். டே நதி மேல் நீளமான பாலம். அதைத் தாண்டினால் வயல்கள், செம்மறி ஆடுகள். அப்புறம் கடல் காற்று மூஞ்சியில் அறைய, செயின்ட் ஆண்ட்ரூஸ்! ரயில்கூட இல்லாத சின்ன ஊர். 1969-ல் ஸ்டேஷனை மூடிவிட்டார்கள். ஆனால் உலகத்தில் கோல்ஃப் மட்டை பிடிக்கிறவன் எவனும் சாவதற்குள் ஒரு தடவை வந்து பார்க்க நினைக்கிற ஊர். அவர்களுக்கு இதுதான் காசி.

இந்த ஆட்டத்தின் மேல் ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு எவ்வளவு பித்து தெரியுமா? வில்வித்தைப் பயிற்சிக்கு மட்டம் போட்டுவிட்டுப் பந்து அடிக்கப் போகிறார்கள் என்று 1457-ல் அரசாங்கமே கோல்ஃபுக்குத் தடை போட்டது. அதாவது, ஆபீஸுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு மேட்ச் பார்ப்பதெல்லாம் நாம் கண்டுபிடித்ததில்லை.

புகழ்பெற்ற ஓல்டு கோர்ஸை ஒட்டி, கடற்கரை மணல் பக்கமாக இருக்கிறது ஹிமாலயாஸ். பச்சைப் போர்வைக்கு அடியில் பலாப்பழங்களை உருட்டிவிட்ட மாதிரி ஒரு மைதானம். மேடு, பள்ளம், மறுபடி மேடு. இங்கே பந்தைத் தூக்கி அடிக்கும் வேலையே கிடையாது. புல்லோடு புல்லாக உருட்டிக் குழியில் தள்ள வேண்டும். அவ்வளவுதான்.

இதற்கு ஒரு கதை உண்டு. அந்தக் காலத்தில் பெண்கள் மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்குவது லட்சணம் இல்லை என்று நினைத்தார்கள். ‘அப்படியா சேதி?’ என்று 1867-ல் ஊர்ப் பெண்கள் சேர்ந்து, உருட்டுவதற்கு மட்டும் தனியாக ஒரு கிளப் ஆரம்பித்துவிட்டார்கள். ஹிமாலயாஸ் அவர்கள் இடம். எதிரே கம்பீரமாக நிற்கிறதே, ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்... அது பெண்களை மெம்பராகச் சேர்க்க ஒப்புக்கொண்டது எப்போது தெரியுமா? 2014-ல்! பெண்கள் அதுவரை அசராமல் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

சிபாரிசு, மெம்பர்ஷிப், காலர் வைத்த சட்டை... எதுவும் கேட்கவில்லை. கொஞ்சம் சில்லறை கொடுத்தேன். மட்டையும் பந்தும் கொடுத்தார்கள்.

“புட்டிங் இவ்வளவு ஈஸியா சார்?” என்றேன்.

“பட்டிங்” என்று திருத்தினார். “மட்டைக்குப் பேரு பட்டர்.”

ஸ்ரீரங்கத்து ஞாபகம் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

*

ஈஸியா? முதல் குழிக்கு ஏழு தட்டு! முதல் தட்டில் பந்து மேடு ஏறி, யோசித்து, என் காலடிக்கே திரும்பி வந்தது. அடுத்த தட்டில் குழியைத் தாண்டி, ஒரு பாட்டியின் ஷூவைத் தாண்டி, போய்க்கொண்டே இருந்தது. பக்கத்தில் ஆறு வயசுப் பெண் ஒன்று மூன்றே தட்டில் போட்டுவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. கோலி விளையாட்டில் எங்கள் தெருவுக்கே சாம்பியன் நான். மானம் போச்சு.

சார் அன்றைக்குத்தான் பாடத்தை ஆரம்பித்தார்.

“நீ திசையைப் பார்த்துக்கிட்டே இருக்கே. முதல்ல தூரத்தைப் பாரு. இருபது அடியிலேர்ந்து தட்டினா, ரெண்டு அடி பக்கவாட்டுல தப்பறவன் ரொம்பக் கம்மி. எட்டு அடி முன்னாலயோ பின்னாலயோ நிறுத்தறவன்தான் அதிகம்.”

யோசித்தால் சரிதான். ‘அடிக்காதே, ஆட்டு’ என்றார் அடுத்து. மணிக்கட்டு அசையக் கூடாது. தோளிலிருந்து கடிகாரப் பெண்டுலம் மாதிரி மட்டை போய்விட்டு வர வேண்டும். தூரம் அதிகம் என்றால் பலம் அதிகமில்லை, வீச்சுதான் நீளம்.

மூன்றாவது, குழியின் கணக்கு. குழியின் அகலம் நாலேகால் அங்குலம். பந்து 1.68 அங்குலம். அதாவது இரண்டரைப் பந்து அகலம். “வேகமா வர்ற பந்துக்குக் குழி சின்னது லாடி. நட்ட நடுவுல போனாத்தான் விழும். மெதுவா வர்ற பந்து ஓரத்துல எட்டிப் பார்த்தாலே குழி உள்ளே இழுத்துக்கும். அதுக்காக பயந்து பயந்து தட்டினா, குழி வரைக்கும் போகவே போகாது. ஒருவேளை விழாம போனா, ஒரு அடி, ஒன்றரை அடி தாண்டி நிக்கணும். அதுதான் சரியான வேகம்.”

நாலாவது, சரிவு. பந்து வேகமாக ஓடும்போது மேடு பள்ளத்தை அவ்வளவாக மதிப்பதில்லை. வேகம் குறையக் குறையத்தான் வளையும். ஆகவே குழிக்குப் பக்கத்துச் சரிவைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். அதுவும் தாழ்ந்த பக்கமாக நின்று.

இத்தனையும் கேட்டு, மூன்றாவது சனிக்கிழமை ஓரளவு தேறினேன். இருபது அடியிலிருந்து தட்டினால் பந்து சமர்த்தாகக் குழிக்குப் பக்கத்தில் போய் நின்றது. ஆனால் மிச்சம் இருக்கும் மூன்று அடி இருக்கிறதே... அதில் கோட்டை விட்டேன். ஒன்றல்ல, ஒன்பது தடவை!

“கிட்டே வந்ததும் உனக்கு என்ன ஆகுது?” என்றார் சார்.

சொல்லலாமா, வேண்டாமா என்று யோசித்துச் சொன்னேன். நான் சி.ஏ. ஃபைனல் எழுதினவன். முதல் குரூப் பாஸ். இரண்டாவது குரூப்பை மூன்று தடவை எழுதினேன். கடைசித் தடவை 400-க்கு 196. தேவை 200. நாலே நாலு மார்க்! அன்றைக்குப் புத்தகங்களைப் பரண்மேல் போட்டதுதான். ‘இவன் எல்லாத்தையும் முக்கால் கிணறு தாண்டறவன்டா’ என்று அப்பா யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அதற்கப்புறம் எது கிட்டே வந்தாலும் எனக்குக் கை நடுங்கும்.

சார் ஒன்றும் சொல்லவில்லை. “நாளைக்கு வா” என்றார்.

*

ஞாயிற்றுக்கிழமை ஓல்டு கோர்ஸில் பொதுவாக ஆட்டம் கிடையாது. ஊர் ஜனம் நாயைக் கூட்டிக்கொண்டு, குழந்தையைத் தள்ளிக்கொண்டு, பார்க் மாதிரி உலாத்துகிறது. நாங்களும் நடந்தோம். பதினெட்டாவது குழிப் பக்கம் நிறுத்தினார்.

“1970 ஓபன் போட்டி. டக் சாண்டர்ஸுன்னு ஒரு அமெரிக்கர். கடைசிக் குழி. மூணு அடிகூட இல்லை. போட்டா சாம்பியன். தட்டத் தயாரா நின்னவர், கோட்டுல என்னவோ கிடக்குதுன்னு குனிஞ்சு எடுத்தார். மறுபடி நிமிர்ந்து சரியா நிக்கவே இல்லை, தட்டிட்டார். பந்து வலது பக்கமா நழுவிடுச்சு. மறுநாள் ஜாக் நிக்லாஸோட பிளே-ஆஃப். 73-க்கு 72, ஒரே ஒரு தட்டுல தோத்தார். கடைசி வரைக்கும் அவருக்கு ஒரு பெரிய பட்டமும் கிடைக்கலை.”

“ஐயோ!”

“ஏன் தப்பிச்சு? திறமை இல்லையா? எழுபத்தொரு குழி அவரை இங்கே கொண்டு வந்திருக்கே! அந்த மூணு அடியை அவர் பந்தா பார்க்கலை, பட்டமா பார்த்தார்னு நான் நினைக்கிறேன். நீ நாலு மார்க்கைப் பார்க்கிற மாதிரி.”

மருந்தும் சொன்னார். தட்டும்போது தலையைத் தூக்காதே. விழுந்ததா என்று கண்ணால் பார்க்காதே, காதால் கேள். அவ்வளவுதான்.

தன் பழைய பட்டர் மட்டை ஒன்றை இரவல் கொடுத்தார். தினமும் ராத்திரி என் அறைக் கார்பெட்டில் கண்ணாடி டம்ளரைப் படுக்க வைத்தேன். அம்மா கொடுத்தனுப்பிய ஆவக்காய், எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் இரண்டையும் மட்டை நுழையும் அகலத்துக்கு நிறுத்தினேன். மட்டை எந்த பாட்டில் மேலும் இடிக்காமல் போய்வர வேண்டும். தொடர்ந்து பத்துப் பந்து டம்ளரில் விழ வேண்டும். ஒன்பதாவது தப்பினால் மறுபடி ஒன்றிலிருந்து! முதல் வாரம் பத்தைத் தொடவே இல்லை. ஒன்பதாவது பந்தில் ஆவக்காய் பாட்டில் உருண்டதுதான் மிச்சம். (மூடி இறுக்கமாக இருந்தது. இல்லையென்றால் கார்பெட்டுக்கு நஷ்டஈடு கட்டி மாளாது.) இரண்டாவது வாரம், ஒரு ராத்திரி பதினொன்றரைக்குப் பத்து விழுந்தது. தனியாக நின்று கைதட்டிக்கொண்டேன்.

*

கடைசி சனிக்கிழமை. சாரோடு நேருக்கு நேர் பதினெட்டுக் குழி. அவர் வேண்டுமென்றே விட்டுக் கொடுக்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை, காற்று அவரையும் படுத்தியது. பதினேழு குழி முடிந்தபோது சமம். பதினெட்டில் அவர் மூன்று தட்டில் முடித்துவிட்டார். நான் இரண்டு தட்டு முடித்து நிற்கிறேன். மிச்சம் மூன்று அடி. போட்டால் டிரா, விட்டால் தோல்வி.

கோல்ஃபில் ஒரு பெருந்தன்மை உண்டு. எதிராளியின் சின்னத் தட்டை ‘போட்ட மாதிரியே வெச்சுக்கோ’ என்று விட்டுக் கொடுக்கலாம். 1969 ரைடர் கோப்பையில் இங்கிலாந்து வீரர் டோனி ஜாக்லினுக்கு ஜாக் நிக்லாஸ் அப்படித்தான் கடைசிக் குழியில் விட்டுக் கொடுத்தார். மொத்தப் போட்டியும் 16-16 என்று டிராவானது. இந்தக் கதையைச் சொன்னதே சார்தான். ஆகவே ஆசையோடு அவரைப் பார்த்தேன்.

ஆள் அசையவில்லை.

“நிக்லாஸ் கொடுத்தாரே சார்!” என்று இளித்தேன்.

“நான் நிக்லாஸ் இல்லை, கணக்கப்பிள்ளை. நாலு பவுண்டு இடிச்சா பரவாயில்லைன்னு விடுவேனா? தட்டு!”

தாழ்ந்த பக்கமாகப் போய்ச் சரிவைப் பார்த்தேன். இடமிருந்து வலமாகக் கொஞ்சம் வளையும். நின்றேன். அப்பா நினைவுக்கு வந்தார். 196 வந்தது. எல்லாம் வரட்டும் என்று விட்டுவிட்டு, பந்தின் மேல் எழுதியிருந்த நம்பரைப் பார்த்தேன். பெண்டுலம் போயிற்று, வந்தது. பந்து கிளம்பிப் போனபின்பும் அது இருந்த இடத்துப் புல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். காற்று, கடல், யாரோ ஒரு குழந்தை...

‘டொக்.’

சார் கை குலுக்கினார். “கடைசி வரைக்கும் தலையைத் தூக்கலை. சரி... கணக்கை உன்கிட்ட விட்டுட்டுப் போகலாம்” என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் இருவரும் பேசவில்லை. பாலத்தில் போகும்போது அவர் ஆற்றைப் பார்த்தார். நான் என் ஷூவைப் பார்த்தேன்.

*

சென்னை வந்ததும் பரணிலிருந்து புத்தகங்களை இறக்கினேன். அம்மா தூசு தட்டிக் கொடுத்தாள். அப்பா பேப்பரைத் தாழ்த்திப் பார்த்துவிட்டு, மறுபடி உயர்த்திக்கொண்டார். நவம்பரில் பரீட்சை. ஹாலில் மார்க் ஞாபகம் வரும்போதெல்லாம், பேனா தொட்ட வரியை மட்டும் பார்த்தேன்.

ஜனவரியில் ரிசல்ட். 400-க்கு 203!

சாருக்கு ஈமெயில் அனுப்பினேன். அவர் இப்போது பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாராம். சனிக்கிழமை ஹிமாலயாஸ் உண்டாம். மார்க்கைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருந்தார்:

‘மூணு மார்க் தாண்டி நின்னிருக்கு. சரியான வேகம், லாடி.’